பதுக்கியின் ஊகம்

அன்று காலை ஜெனோபாவின் கொக்கிக்குப் பச்சை விழவில்லை.

கோபுரத்தின் அடியில் நின்று இடுப்புப் பட்டையின் கொக்கியை ஏணிக் கம்பியில் மாட்டியிருக்கிறாள். சிவப்பு எரிந்திருக்கிறது. கழற்றி மாட்டினாலும் சிவப்பு, வேறு பட்டை போட்டாலும் சிவப்பு. அவளோடு ஏற வேண்டியவன் பச்சை வாங்கி மேலே போய்விட்டான். அவள் படகில் மேடைக்குத் திரும்பி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என் அறைக் கதவைத் தள்ளினாள்.

“அண்ணே, எனக்க கொக்கி செவப்பு காட்டுது. ஒங்க பெட்டிக்கு என்ன கேடு?”

“பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. கொக்கி கரைக்காரங்க சொன்னாத்தான் திறக்கும். இரு, பாக்கேன்.”

எங்கள் மேடை கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இரும்புக் கால்களில் நிற்கிறது. சுற்றிலும் காற்றாலைகள். இறக்கைகளில் விழும் வெடிப்புகளை ஒட்ட ஆட்கள் கயிற்றில் தொங்க வேண்டும். முதலில் இயந்திரக் கைகளை அனுப்பிப் பார்த்தார்கள். உப்புக் காற்று அவற்றைத் தின்றுவிட்டது. மனிதன் மலிவு, துருப்பிடிப்பதும் மெதுவாகத்தான். ஜெனோபா ஏறுகிறவள். நான் ஏறுவதில்லை. தொடர்பு அறை என்னுடையது.

திரையில் கரையின் செய்தி இருந்தது. பணியாளர் அறுபத்து நான்கு, ஜெனோபா. மனநலத் தடை. விசாரணை நாளைப் பிற்பகல், காணொளியில். காரணம்: எச்சரிக்கைக்குரிய கேட்பு. கீழே அவள் எண்ணில் பதிவான ஒரு வலைப்பக்கத்தின் தலைப்பு. ‘எடை தொங்கும்போது கொக்கியின் இரட்டைப் பூட்டைத் திறப்பது.’

அவள் என் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள்.

“இது என்னது?”

“நீ கேட்ட பக்கம்ணு சொல்லுதாவ.”

“நானா? நான் எதுக்கு இத கேக்கேன்? எனக்கு இறங்கணும்னா ஏணி இருக்கு.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அண்ணே, இது மருத்துவப் பதிவுக்குப் போவுமா?”

“போயிருக்கும்.”

“அடுத்த மாசம் எனக்க கேசு.”

எல்லோருக்கும் தெரிந்த கேஸ்தான். அவள் கணவன் மகனைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் போட்டிருந்தான். பையனுக்கு ஏழு வயது, பெயர் ஆரோன். கடலில் இரண்டு மாதம், கரையில் ஒரு மாதம் என்று இருக்கிற தாய் என்ன தாய் என்பது அவன் வக்கீலின் வாதம். இதுவரை அது எடுபடவில்லை.

“சாவ யோசிக்கிற பொம்பளைன்னு ஒரு தாள் இருந்தா போதும். எந்த நீதிபதி புள்ளைய விடுவாரு? நீங்களே விடமாட்டீங்க.”

நான் திரைப் பக்கம் திரும்பி, பதிவைத் திறந்தேன்.

கரையையும் எங்களையும் இணைக்கும் தொடர்பு மெல்லியது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசினால் திக்கும். அதனால் நடுவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு படத்தைக் கேட்டால் அது கரையிலிருந்து வரும். வந்ததில் ஒரு பிரதியைப் பெட்டி வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே படத்தைக் கேட்டால் கரைவரை போகாமல் இங்கிருந்தே கொடுக்கும். ஏறுகிறவர்கள் அதற்குப் பதுக்கி என்று பெயர் வைத்தார்கள். யார், எப்போது, என்ன கேட்டார், கரையிலிருந்து வந்ததா பதுக்கியே கொடுத்ததா என்று ஒவ்வொரு கேட்புக்கும் ஒரு வரி எழுதப்படும். அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

“அப்பம் நான் என்னெல்லாம் பாக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” ஜெனோபா கேட்டாள்.

“தெரியும். ஆனா பாக்கமாட்டேன்.”

“பாக்காமலா தெரியும்? நல்ல ஆளாக்கும்.”

அவள் எண்ணின் வரிகளை மட்டும் பிரித்தேன். அந்தப் பக்கம் இருந்தது. வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

“இங்க பாரு. கடைசியில சைபர் இருக்கா? ஒண்ணுன்னா ஆள் கேட்டது. சைபர்னா ஆள் கேக்கல, பதுக்கியே முன்கூட்டி இறக்கி வச்சது.”

“அது எதுக்கு இறக்கணும்?”

“சாயங்காலம் நீ ஆரோனுக்க பள்ளிக்கூட வீடியோவத் தொட்ட உடனே வருதுல்ல? எப்படி வருதுன்னு நெனச்ச? நீ மேல தொங்கிட்டிருக்கும்போதே, கூட்டமில்லாத நேரமாப் பாத்து இறக்கி வச்சிடும். ஒருத்தர் இதப் பாத்தா அடுத்து இதக் கேப்பார்னு அதுக்கு ஒரு கணக்கு உண்டு. நீ கேக்குறதுக்கு முன்ன உன் பேர்ல அதுவே கேட்டுக்கும்.”

“எனக்க பேர்ல.”

“ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. யார் பங்குல கழிக்கன்னு தெரியணும்லா, அதுக்காக.”

“அப்பம் கரைக்காரங்களுக்கு இந்த சைபர் தெரியாதா?”

அதுதான் கேவலம். பதிவும் இதே மெல்லிய தொடர்பு வழியாகத்தான் தினமும் நண்பகலில் கரைக்குப் போகிறது. பதிவே தொடர்பை அடைக்கிறது என்று போன மழைக்காலத்தில் யாரோ கணக்குப் போட்டு, தேவையில்லாத கட்டங்களை வெட்டச் சொன்னார்கள். கடைசிக் கட்டம் வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து கரைக்கு எல்லா வரியும் ஆள் கேட்டதுதான்.

“நாளைக்கு இத அப்படியே சொல்லுதேன். முடிஞ்சுது” என்றேன்.

“நெசமாட்டு முடிஞ்சிருமா?”

“நீ கேக்கல. அதுக்குச் சாட்சி இருக்கு. பொறவென்ன?”

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி முடியைக் கோதிக்கொண்டாள். “ஒங்களுக்கு நான் ஒரு நெய்மீன் கடன்” என்றுவிட்டுப் போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் போனபின் ஒரு கேள்வி அரிக்கத் தொடங்கியது. பதுக்கி எதையும் காற்றிலிருந்து ஊகிப்பதில்லை. யாரோ ஒருவர் ஏற்கெனவே அந்த வழியில் போயிருந்தால்தான் இன்னொருவரும் அந்த வழியில் போவார் என்று நினைக்கும். இந்தப் பக்கத்துக்கு வழி போட்டது யார்?

ஊகத்தின் அடிப்படையைக் கேட்டால் பெட்டி சொல்லும். யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். இருபத்தேழு என்றது.

இருபத்தேழாம் எண் இப்போது யாருக்கும் இல்லை. போன வருடம் வரை அது லிகோரிக்கு இருந்தது. லிகோரி ஜெனோபாவின் அண்ணன். பன்னிரண்டாம் கோபுரத்திலிருந்து விழுந்தான். கொக்கி நழுவியதாக அறிக்கை. நாங்கள் எல்லோரும் அடக்கத்துக்குப் போயிருந்தோம்.

அவனுடைய கடைசி வாரத்து வரிகள் திரையில் விழுந்தன. ஊர்க் கோவில் பூசை நேரலை. அம்மாவின் டயாலிசிஸ் அறிக்கை. கால்பந்து. மறுபடியும் அறிக்கை. காற்றின் வேகம். பூசை. அறிக்கை. பிறகு அந்தப் பக்கம். கடைசிக் கட்டத்தில் ஒன்று. அவனே கேட்டது. கேட்புகளில் எச்சரிக்கை தேடும் வழக்கம் அப்போது கரையில் இல்லை.

பக்கத்தில் ஜெனோபாவின் வாரத்தை வைத்தேன். பூசை, அம்மாவின் அறிக்கை, கால்பந்து, அறிக்கை, காற்று. அண்ணன் போனபின் அம்மாவின் காகிதங்களை அவள்தான் பார்க்கிறாள். ஒரே வீடு, ஒரே கோவில், ஒரே அம்மா. இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே கேட்பார்கள்? பதுக்கிக்கு இது தெரியாது. ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் அச்சாக விழுவதை மட்டும் பார்த்து, அடுத்த அடியையும் அது எடுத்து வைத்துவிட்டது.

அவளைக் காப்பாற்ற என்னிடம் இருந்த ஆதாரம் இதுதான். இதைக் காட்டினால் லிகோரியின் கொக்கி நழுவவில்லை என்றாகும். பணியில் இறந்தவனின் தாய் என்பதால்தான் அந்த அம்மாவுக்கு நிறுவன மருத்துவமனையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. தற்கொலை என்று தெரிந்தால் மறுநாளே பெயரை எடுத்துவிடுவார்கள். சட்டம் அப்படி.

சைபரை மட்டும் சொல்லலாம், தடத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு அறையில் ஜெனோபா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்தாள். சாளை மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் பிற்பகல் மேடைத் தலைவர் தொபியாஸ் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். தொபியாஸ் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார். விசாரணை என்றால் அவருக்குச் செருப்புக்குள் மணல் போன மாதிரி.

“லேய் ரசலு, சுருக்கமா சொல்லு. இழுக்காத.”

திரையில் டாக்டர் வசுமதி வந்தார். நிறுவனத்தின் மனநலப் பிரிவு அவர்தான். சென்னைக்காரர், குரல் உயர்த்தாதவர். முகத்தில் அக்கறை இருந்தது. அது நடிப்பு இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஜெனோபா, இது தண்டனை இல்ல. உங்க பாதுகாப்புக்காகத்தான். நீங்க எதுவும் சொல்லலாம்.”

“நான் கேக்கல டாக்டர். ரசலண்ணன் சொல்லுவாரு.”

சொன்னேன். பதுக்கி, முன்கூட்டி இறக்குவது, சைபர், வெட்டுப்பட்ட கட்டம். டாக்டர் குறித்துக்கொண்டார். முடித்தபோது தொபியாஸ் எழுந்துகொள்ளத் தயாராக நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்தார்.

“அப்படின்னா இவங்க கேக்கல” என்றார் டாக்டர். “பெட்டி ஊகிச்சுது.”

“ஆமா டாக்டர்.”

“அந்த ஊகம் பொதுவா எவ்வளவு சரியா இருக்கும்?”

“பத்துல ஒம்பது.”

வாயை விட்டுப் போனபின்தான் உறைத்தது. தொடர்புச் செலவைப் பாதியாகக் குறைத்தோம் என்று கரைக்கு நான் பெருமையாக எழுதி அனுப்பும் கணக்கு அது. வாய்ப்பாடு மாதிரி வந்துவிட்டது.

டாக்டர் பேனாவை வைத்தார். “ரசல், ஒருத்தர் ஒரு பக்கத்தக் கேட்டா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆர்வம், பயம், தெரியாம விரல் பட்டது. நான் அவங்ககிட்ட பேசிப் புரிஞ்சுக்குவேன். இப்ப நீங்க சொல்றது வேற. பத்துக்கு ஒம்பது தடவ இவங்க மனசச் சரியா சொல்ற ஒண்ணு, அடுத்து இவங்க இதைத்தான் கேப்பாங்கன்னு சொல்லுது. அதுவும் இவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி. நீங்களே சொல்லுங்க, எது பெரிய எச்சரிக்கை?”

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றின.

“நான் அப்படி ஒண்ணும் நெனைக்கல டாக்டர்” என்றாள் ஜெனோபா.

“நினைக்கலன்னு நீங்க சொல்றத நம்பறேன். ஆனா அது எனக்குப் போதாது. கொக்கிய நான் திறந்துவிட்டு நாளைக்கு எதாவது ஆச்சுன்னா?” அவர் என்னைப் பார்த்தார். “ஒண்ணு செய்யலாம். எதை வச்சு அது ஊகிச்சுதுன்னு காட்ட முடியுமா? அடிப்படையே தப்புன்னா நான் எழுதித் தர்றேன். தடைய எடுத்துடலாம்.”

தொபியாஸ் என் பக்கம் திரும்பினார். “சொல்லேன்லேய். ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாது என்றால் கரையிலிருந்து ஆள் வந்து பெட்டியைத் திறப்பான். அவனுக்கு இருபத்தேழு கிடைக்க அரைமணி நேரம் போதும். தெரியும் என்றால் இப்போதே சொல்ல வேண்டும். நான் மேசையைப் பார்த்தேன். மேசையைப் பார்த்ததுதான் தவறு.

ஜெனோபா என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

“யாருக்க தடம்?”

நான் நிமிரவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் மூச்சு ஒருமுறை உள்ளே போய் அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்தாள்.

“டாக்டர், ரசலண்ணன் எனக்காகச் சொல்லுதாரு. நான்தான் கேட்டேன்.”

“ஜெனோபா?”

“நான்தான் கேட்டேன். கேக்கலன்னு சொன்னது பொய். பயந்துட்டேன். புள்ளைய வாங்கிருவாவன்னு பயம்.” குரல் தட்டையாக இருந்தது. “எனக்க அண்ணன் லிகோரி போன வருசம் விழுந்தான். கொக்கி நழுவுச்சுன்னு எழுதியிருக்கு. அதே கொக்கியிலதான் நானும் தொங்குதேன். அது எப்படி நழுவும், எப்பம் திறக்கும்னு தெரியணும்லா? அதுக்குத்தான் தேடினேன்.”

டாக்டரின் முகம் இளகியது. அவர் எதிர்பார்த்திருந்த மனுஷி அப்போதுதான் அந்த அறைக்குள் வந்தாள் போல.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. இது துக்கம், ஜெனோபா. ரொம்ப இயல்பானது. பழைய மாடல்ல நழுவுறது நடந்திருக்கு. உங்களுக்குப் புதுக் கொக்கி தரச் சொல்றேன். ஒரு வாரம் ஓய்வு. நாம ரெண்டு தடவ பேசுவோம். பதிவுல ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ன்னு போடறேன்.” என்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னார்: “ரசல், நல்ல எண்ணத்துல செஞ்சீங்க, தெரியுது. ஆனா இப்படி மறைக்கறது உதவி இல்ல. அந்த ஒரு வரிய வெட்டாம முழுசா அனுப்பி வைங்க. கோப்புல சேக்கணும்.”

திரை அணைந்தது. தொபியாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “டீ குடிக்கப் போங்க” என்றார்.

ஜெனோபா டீ குடிக்கப் போகவில்லை. படகு கட்டும் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“எப்பம் தெரியும்?”

“நேத்து.”

“நேத்து எனக்க எதிர்ல இருந்து சாளைக் குழம்பு நல்லாருக்குன்னீங்க.”

“ஓ, சொன்னேன்.”

“அது நல்லாவே இல்ல. ஒரே உப்பு.”

அலை மேடையின் காலில் மோதித் தெறித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“அவன் அந்த வாரம் பன்னிரண்டாம் கோபுரத்துலேர்ந்து எனக்குப் போன் போட்டான். ஆரோனுக்குப் பந்து வாங்கிட்டேன்னு சொன்னான். நான் மேல ஏற நேரமாச்சுன்னு வச்சுட்டேன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “கடைசியா அவன் கேட்டது அந்தப் பக்கமா?”

“இல்ல. அதுக்குப் பொறவு ஒண்ணு இருக்கு.”

“என்னது?”

“மறுநாள் காத்து எப்படி இருக்கும்னு.”

“நான் தெனமும் பாக்கதுதான்.”

“ஆமா.”

“அம்மாவுக்குத் தெரியாண்டாம்.”

“தெரியாது.”

“அப்பம் அந்த சைபர ஒண்ணாக்குங்க, அண்ணே. நான் கேட்டேன்னு சொல்லியாச்சு. பதிவும் அதத்தான் சொல்லணும்.”

பதிவில் வரியை அழிக்க முடியாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியோடு முடிச்சுப் போட்டது, ஒன்றை எடுத்தால் கரையில் மணி அடிக்கும். ஆனால் வெட்டுப்பட்ட கட்டத்தை அந்த முடிச்சில் யாரும் சேர்க்கவில்லை. தேவையில்லாத கட்டம்தானே. நான் சைபரை ஒன்றாக்கினேன். முழு வரியை டாக்டருக்கு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து ஜெனோபாவுக்குப் புதுக் கொக்கி வந்தது. பச்சை எரிந்தது. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் ஏறினாள். மூன்றாம் நாள் காலை, காற்று இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நண்பகல் அறிக்கைக்காகப் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைப்பு இருந்தது. பணியாளர் எண் பன்னிரண்டில். கீழே பத்தொன்பதில். முப்பத்தொன்றில். மேலும் கீழும் போய்ப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைப் பதினோரு பேர் பெயரில் பதுக்கி எழுதி வைத்திருந்தது.

என்ன நடந்தது என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதுக்கி தன் பதிவைத் தானே படிக்கும். தன் ஊகங்களில் எவற்றை ஆள் பிறகு உண்மையாகவே கேட்டார் என்று பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. சைபர் சைபராகவே இருந்தால் ஊகம் தவறு, அடுத்த முறை தயங்கும். நான் அதை ஒன்றாக்கினேன். நீ சொன்னது சரி, ஜெனோபா கேட்டேவிட்டாள் என்று பெட்டியிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதற்குத் தைரியம் வந்துவிட்டது. பூசை பார்க்கிறவர்கள், வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள், காற்று பார்க்கிறவர்கள். இந்த மேடையில் இதையெல்லாம் பார்க்காதவர் யார்?

முன்கூட்டி இறக்குவதை உடனே நிறுத்தினேன். எழுதப்பட்ட வரிகள் எழுதப்பட்டவைதான். நண்பகலில் கரைக்குப் போகும், கடைசிக் கட்டம் இல்லாமல். பதினோரு பேருக்குச் சிவப்பு. ஒரே பக்கத்தைப் பதினோரு பேர் ஒரே காலையில் ஏன் கேட்டார்கள் என்று ஆள் வருவான், பெட்டியைத் திறப்பான். ஜெனோபாவின் பொய், லிகோரியின் தடம், அந்த அம்மாவின் டயாலிசிஸ் கட்டில், ஆரோன், எல்லாம் ஒரே நூலில் வரும்.

ஜெனோபாவைக் கூப்பிட்டேன். தலைக்கவசத்தோடு வந்தாள். திரையைக் காட்டினேன்.

“இதெல்லாம் யாரு? அல்போன்ஸ் அண்ணனா? குசினியில சமைக்கிறவருக்கு என்னத்துக்குக் கொக்கி?”

“அவரும் பூசை பாக்காருல்லா.”

“தொபியாஸ் சாருமா?” அவள் ஒருமுறை சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்தினாள். “டாக்டர்கிட்ட இது பெட்டி செஞ்சதுன்னு சொல்லுங்க.”

“சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு ஒனக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும். நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்தபடி யோசித்தாள்.

“எனக்குக் காரணம் சொன்ன உடனே விட்டாங்கல்ல? இவங்களுக்கும் ஒரு காரணம் குடுங்க. ஒரே காரணம். வகுப்பு. எனக்குப் புதுக் கொக்கி வந்திருக்கு, பழசுல என்ன கொறன்னு எல்லாருக்கும் பாடம். படிச்சிட்டு வாங்கன்னு அந்தப் பக்கத்தக் குடுத்ததா இருக்கட்டும்.”

கேட்டவுடன் சரியென்று பட்டது. தொபியாஸிடம் ஓடினேன். அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் நுரை.

“கொக்கி வகுப்பா? எதுக்குலேய் திடீர்னு?”

“பதிவுல ஒரு சிக்கல், சார். பதினோரு பேருக்குச் செவப்பு விழும். ஒங்க பேரும் இருக்கு.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கத்தி கழுத்தருகே நின்றது. என்ன பக்கம், ஏன், எப்படி என்று அவர் கேட்கவே இல்லை.

“வகுப்பு இன்னைக்குச் சாயங்காலம்னு போடு. நேத்தே அறிவிச்சாச்சுன்னு போடு. கையெழுத்து நான் வைக்கேன்.” மறுபடியும் மழிக்கத் தொடங்கினார். பிறகு, “லிகோரி நல்ல பயல்லா” என்றார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பி அறிவிப்பை எழுதினேன். டாக்டருக்கு ஒரு குறிப்பு: கொக்கிப் பாதுகாப்பு வகுப்புக்காகப் பணியாளர்கள் கீழ்க்காணும் பக்கத்தைப் படித்துள்ளனர். கீழே எண்கள். ஜெனோபா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள், நான் அடித்தேன். பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று. பத்தாவதுக்குப் பிறகு நிறுத்தினாள்.

“கடைசி எண்ணு எட்டு. எட்டு யாரு?”

“நான்.”

“நீங்க ஏறமாட்டீங்களே.”

“வகுப்புக்குப் பக்கத்த எடுத்துக் குடுத்தது நான்னு இருக்கட்டும். பொருந்தும்.”

பொருந்தியது. அடித்தேன். அனுப்பினேன். அடுத்த நிமிடமே டாக்டர் வசுமதியின் பதில் வந்தது. நல்ல முயற்சி, மற்ற மேடைகளிலும் செய்யலாம் என்றார். இனிச் சிவப்பு விழாது.

ஜெனோபா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணே, நீங்க பூசை பாக்கமாட்டீங்க.”

“இல்ல.”

“அம்மா போயி ரொம்ப வருசமாச்சு. யாருக்க ரிப்போர்ட்டும் பாக்கண்டாம். காத்தும் பாக்கண்டாம். அப்பம் ஒங்களுக்கு எதுக்கு இறக்குச்சு?”

“பெட்டிக்கு மூளை கெட்டுப் போச்சு, அதான்.”

“எத வச்சு ஊகிச்சுதுன்னு கேட்டா அது சொல்லும்லா, லிகோரிக்க தடம் அப்படித்தானே ஒங்களுக்குக் கெடச்சுது. கேளுங்க.”

நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே. மற்ற பத்துப் பேருக்கும் பதுக்கி காட்டிய தடம் இருபத்தேழு, அதன் மேல் அறுபத்து நான்கு. எனக்கு அது இருபத்தேழைக் காட்டவில்லை. யாருடைய எண்ணையும் காட்டவில்லை. எட்டு என்றது. என் தடத்தை வைத்தே என்னை ஊகித்திருந்தது.

அவள் கை நீட்டி விசையைத் தட்டினாள். எட்டு வந்தது. கீழே என் வாரம் விரிந்தது. லிகோரி கடைசியாகப் பார்த்த பூசையை நான் பார்த்திருந்தேன். அவன் பார்த்த கால்பந்தைப் பார்த்திருந்தேன். அவனுடைய வாரத்தின் வரிகளை ஒவ்வொன்றாக, அதே வரிசையில், ஒருமுறை இல்லை, மூன்று நான்கு முறை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறக்காமல் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் நிறுத்தியிருந்தேன்; அந்த அடுத்த அடியைத்தான் பதுக்கி எனக்காக எடுத்து வைத்திருந்தது. கடைசிக் கட்டம் எல்லாம் ஒன்று.

“இது எதுக்குப் பாத்தீங்க?”

“சும்மா. அவனுக்கு என்ன ஆச்சுன்னு.”

“அத ஒரு தடவ பாத்தாத் தெரியும்.”

பதினோரு பேருக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று. இந்த ஒன்றுக்கு ஏதாவது சொல்ல முடியுமா என்று தேடினேன்.

“மூணு லீவா நீங்க கரைக்குப் போகல” என்றாள். “ஆரு கேட்டாலும் விட்டுக் குடுத்துட்டு இங்கேயே கெடக்கீங்க. நாங்க எல்லாம் நல்ல மனுசன்னு சொல்லிக்கிட்டோம்.”

வானொலி கரகரத்தது. காற்று இறங்கிவிட்டது, ஏறுகிறவர்கள் படகுக்கு வரலாம் என்றது. வெளியே இரும்புத் தரையில் காலணிகள் ஓடின. யாரோ ஜெனோபாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“போ. நேரமாச்சு” என்றேன்.

அவள் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தாள். அதை என் மேசைமேல், விசைப்பலகைக்கு முன்னால், நான் எதையும் தட்ட முடியாதபடி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“படகு போகட்டும். சொல்லுங்க” என்றாள்.

படகின் இயந்திரம் உறுமி, விலகி, சத்தம் தேய்ந்து போனது. அவள் எழுந்திருக்கவில்லை.